சாயாத குச்சிகள்

மலைச்சரிவில் இப்போது இரும்புப் பெட்டிகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மண் ஒரு நூல் அளவு நகர்ந்தால் போதும், ஆபீசில் சிவப்பு விளக்கு எரியுமாம். அந்த விளக்குக்குக் காவல் இருக்கும் பிள்ளைகள் போன மாதம் பலகாரப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். "மேரிம்மா, இதெல்லாம் இல்லாத காலத்துல எப்படிலா மலையப் பாத்துக்கிட்டீங்க? எழுதிக் குடுங்களேன், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டறோம்" என்று பிடித்துக்கொண்டார்கள். மேடையேறிப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் சரி, குறுக்கே யாரும் பேச முடியாது.

ஓய்வு பெறும்வரை மலாயாவின் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மழை அளப்பதும் மண் பார்ப்பதும்தான் என் வேலை. புல்வெட்டப் போய்க்கொண்டிருந்தவள் இதற்கு வந்தது ஜப்பான்காரன் காலத்தில். வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். தேயிலை வாங்க ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாக வளர்ந்து நின்றது. அரிசி மலையேறி வருவது நின்றதும், காட்டை வெட்டி மரவள்ளி போடு என்று உத்தரவு வந்தது. ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். என் அக்கா செசிலியின் புருஷனையும் ரிங்லெட் டவுனில் பிடித்து லோரி ஏற்றினார்கள். சாக்கை உடுத்திக்கொண்டு மரவள்ளியைத் தின்று கிடந்தோம். அதையெல்லாம் சொல்லி உங்களை அழவைக்கப் போவதில்லை. எனக்குச் சிற்றம்பலம் கிராணி கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

தோட்டத்துக் கணக்கரைத்தான் கிராணி என்போம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். சண்டைக்கு முன்னால் துரைக்காக மழைக் கணக்கும் மண் கணக்கும் எழுதியவர். துரை போன பிறகும் காலையில் தவறாமல் போய் மழைக் குவளையைப் பார்ப்பார். யாரும் கேட்காத கணக்கை யாருக்காக எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "சண்டை நடக்குதெண்டு மழைக்குத் தெரியாதே பிள்ளை" என்றார்.

என்னை அவர் பிடித்த கதை சின்னது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியோடு நான் வாயடித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம்தான் பெரிய மழை என்றான் அவன், இல்லவே இல்லை என்றேன் நான். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கிராணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாத்தனீரோ, கேட்டனீரோ, நினைச்சனீரோ?"

"மூணுந்தாங்க ஐயா."

"மூண்டையும் ஒரு சாக்கிலை போட்டுக் கட்டினா என்னெண்டு பிரிக்கிறது? நாளைக்கு என்னோடை வாரும்."

அதுதான் எனக்கு நேர்முகப் பரீட்சை. கங்காணிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக் குவளையின் அளவுக் கண்ணாடி உடைந்துபோனதால், சாஸ் போத்தலில் கோடு கீறி அளந்தோம். ஓடைத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்து, அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று பார்த்தோம். காட்டிலிருந்து வந்த தண்ணீரும் மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்த தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று தேத்தண்ணி மாதிரி தெளிவு, மற்றது பால் ஊற்றியது மாதிரி கலங்கல். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு பாடம் மட்டும் கையிலேயே ஒட்டிக்கொண்டது. ரோட்டுக்காக மலையை வெட்டிய இடத்தில் என்னை நிறுத்தி, மேலிருந்து கீழே பார்க்கச் சொன்னார். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே மஞ்சள், பிறகு சிவப்பு, அடியில் புள்ளி புள்ளியாக வெள்ளைக் கல். அந்தக் கல்லில் ஒரு துண்டைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார்.

"அமத்தும்."

"கல்ல எப்படிங்க அமுத்தறது?"

அமுக்கினேன். காய்ந்த ரொட்டியாக உதிர்ந்து, உள்ளங்கையில் மணலும் வழவழப்பான வெள்ளைக் களியும் தங்கின. மழைத்தண்ணி காலகாலமாக இறங்கி இறங்கிக் கல்லை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போக வைத்துவிடுகிறது, மணல் மட்டும் கரையாமல் நின்றுவிடுகிறது, இந்த மலை முழுக்க இப்படித்தான் என்றார். உருவம் கல்லாகவே இருக்கும், பலம் போயிருக்கும். வேர் பிடித்திருக்கும் வரைக்கும் நிற்கும். அன்றைக்கு இரவு, நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துச் சுவரில் சாய்ந்து உட்கார எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இனி அந்த மலைக்கு வருகிறேன்.

மேட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. அதில் நின்ற காட்டை வெட்டி மரவள்ளி போட்டிருந்தோம். பெரிய மழைக்காலம் தொடங்கியதும், லயத்துக்குத் தண்ணீர் வரும் மூங்கில் குழாயில் சேறு வந்தது. கடைசி வீட்டில் என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அவள் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். கொல்லைக்கு உச்சியில் நிலம் வெடித்திருந்தது. கை நுழையும் அளவு வெடிப்பு, வளைந்து போனது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காட்டுப்பன்றி கிளறியது என்றான் கங்காணி. ஜப்பான்காரன் லோரி ஓட்டி ஓட்டி மலை அதிர்ந்துவிட்டது என்றார்கள் சிலர். காட்டை வெட்டும்போது முனியாண்டிக்குக் கோழி அறுக்கவில்லை என்றாள் பாக்கியம் அத்தை. அவள்தான் புல்வெட்டும் பெண்களுக்குத் தலைவி, வேலையில் புலி. கிராணி எதையும் தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி போட்டார். பன்றி என்றால் கிளறிய மண் எங்கே? லோரி என்றால் ரோட்டோரம்தானே முதலில் வெடிக்க வேண்டும்? முனியாண்டியை மட்டும் கேட்கவில்லை. "அவரை அளக்க என்னட்டைக் கோல் இல்லை" என்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க ஐயா?"

"மலை இறங்குது எண்டு நினைக்கிறன். நினைக்கிறன், அவ்வளவுதான். அப்பிடியெண்டா ஒண்டைப் பாக்கலாம்."

அவர் வழி இதுதான். சரிவின் இந்தக் கரையில் ஒரு பாறை, அந்தக் கரையில் ஒரு பாறை. இரண்டுக்கும் நடுவே கயிறு பிடித்து, மரவள்ளிக் கொல்லைக்குக் குறுக்கே நேர்கோடாகக் குச்சி நட வேண்டும். மண் அசையாவிட்டால் கோடு கோடாகவே இருக்கும். மண் இறங்கினால் நடுக்குச்சிகள் கீழே போய்க் கோடு வளையும். இதே மாதிரி இன்னொரு வரிசையை, தேயிலை நிற்கும் எதிர் மலையிலும் நட்டோம். அங்கே ஏன் என்று நான் முணுமுணுத்தேன். "அங்கையும் வளைஞ்சா, பிழை மலையிலை இல்லை, எங்கடை கயித்திலை" என்றார்.

ஊர் பதறும் என்று யாரிடமும் சொல்லாமல் ஓய்வு நாளில் நட்டோம். அதிகாரமெல்லாம், வெள்ளைக்காரத் துரையின் இடத்துக்கு வந்திருந்த ஜப்பான் துரையின் கையில். லயத்துச் சனத்தைத் தங்கவைக்க இடம் இருந்தது. பூட்டிக் கிடந்த தேயிலை பேக்டரியில் இலை வாட்டும் மாடி நீளமாகக் காலியாகவே கிடந்தது. ஆனால் அவர் உத்தரவு இல்லாமல் பூட்டைத் தொட்டால் தலை போகும். அவரிடம் போக ஆதாரம் வேண்டும்.

மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினோம். பாறைக்குப் பாறை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். குச்சிகள் அத்தனையும் அணிவகுத்து நின்ற சிப்பாய்களாக, கயிற்றை ஒட்டி நேராக நின்றன.

கிராணி தன் கண்ணாலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் நினைச்சது பிழை போலை கிடக்கு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வெடிப்பில் அன்றைக்கு என் முழங்கை நுழைந்தது. வெடிப்பு அகலமாகிறது, குச்சி அசையவில்லை. இரண்டில் ஒன்று பொய்.

எதிர் மலைக்குப் போனோம். அங்கே கோடு நேர்தான். ஒரு குச்சியை மட்டும் மாடு இடித்துச் சாய்த்திருந்தது, அது சாய்ந்தபடியே கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. இந்தக் குச்சியை நிமிர்த்த இங்கே யாரும் வரவில்லை. அப்படியானால் அங்கே?

நானும் புல்வெட்டியவள்தானே. எங்களுக்குக் கையில் ஊறிய பழக்கம் ஒன்று உண்டு. தேயிலைக் கன்று நடுவதற்கு முன் மலை முழுக்க வரிசைக் குச்சி நடுவார்கள். அதில் ஒன்று சாய்ந்து நின்றாலும் கங்காணி பரம்பரையை இழுத்து ஏசுவான். ஆகவே சாய்ந்த குச்சியைக் கண்டால் எங்கள் பெண்கள் தாண்டிப் போக மாட்டார்கள். அது யாருடைய குச்சி, எதற்கு நட்டது என்று கேட்கவும் மாட்டார்கள்.

பெண்களோடு புல் வெட்டிக்கொண்டிருந்த பாக்கியம் அத்தையைத் தேடிப் போனோம்.

"அத்த, மரவள்ளிக் கொல்லையில குச்சி..."

"ஆமாண்டி, நல்லாக் கேளு! எந்தக் கூறுகெட்டவன் நட்டானோ, நிக்கவே மாட்டேங்குது. தினம் சாயுது, தினம் கீழ எறங்குது. நாங்கதான் நூல் புடிச்சுப் புடுங்கி நேரா நட்டு வெக்கிறோம்" என்றாள். பாராட்டை எதிர்பார்த்து கிராணி முகத்தைப் பார்த்து நின்றாள்.

கிராணி பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று பயந்தேன். மனிதர் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாக்கியமக்கா, நீங்கள் எல்லாரும் நிமித்தின குச்சிக்குப் பக்கத்திலை ஒருக்கா போய் நில்லுங்கோ" என்றார்.

பெண்கள் சரிவில் ஏறி, அவரவர் நிமிர்த்திய குச்சியருகே நின்றார்கள். கரையோரக் குச்சிகளிடம் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் நடுவில்தான் கூடி நின்றார்கள். நட்டநடுவில் பாக்கியம் அத்தை.

"எந்தப் பக்கம் சாஞ்சது? கையைக் காட்டுங்கோ."

அத்தனை கையும் கீழே லயத்தைக் காட்டியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லாமலே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

நேரே ஜப்பான் துரையிடம் ஓடலாம் என்றேன். கிராணி அசையவில்லை. "இது இப்ப கேட்டது. இனிப் பாக்க வேணும்." மறுபடி கயிறு பிடித்துக் குச்சி நட்டோம். இந்த முறை என்ன, எதற்கு என்று எல்லாரிடமும் சொல்லித்தான் நட்டோம். யாரும் தொடக்கூடாது என்று கட்டளை. பாவம், அந்தப் பெண்கள் பட்ட பாடு. சாய்கிற குச்சியைக் கண்ணால் கண்டும் கையைக் கட்டிக்கொண்டு போவது அவர்களுக்குச் சிறைத் தண்டனை. "கை துறுதுறுங்குது மேரி, அந்தப் பக்கமே நான் திரும்பல" என்று பாக்கியம் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே புல் வெட்டினாள். அடுத்த மழைக்குப் பிறகு கயிறு பிடித்தபோது கோடு நடுவில் தொப்பை போட்டிருந்தது. எதிர் மலையில் கோடு நேராகவே நின்றது.

ஜப்பான் துரை வந்தார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். எங்களுக்கும் அவருக்கும் பொதுவானது அரைகுறை மலாய்தான். கயிற்றோரம் குனிந்து பார்த்துவிட்டு, "சியாப்பா ஊசேக்?" என்று அதட்டினார். யார் நகர்த்தியது என்று அர்த்தம். சனத்தைக் கிளப்ப நாங்களே குச்சியைத் தள்ளி நட்டோம் என்று நினைத்துவிட்டார். கிராணி ஒன்றும் நடக்காதவராக, "துவான், நீங்களே ஒண்ணு நட்டுப் பாருங்க" என்று மலாயில் சொல்லி ஒரு குச்சியை நீட்டினார்.

துரை தன் கையாலேயே நட்டார், பக்கத்தில் ஒரு சிப்பாயையும் காவல் நிறுத்தினார். திரும்பி வரும்போது நான் பொருமினேன்.

"நம்மளப் பொய்க்காரன்னு நெனைக்கிறான், நீங்க சும்மா இருக்கீங்க?"

"அவர் கேட்டது சரிதான் பிள்ளை. அந்த இடத்திலை நிண்டா நானும் அப்பிடித்தான் கேட்டிருப்பன்."

மறுபடி மழை பெய்தது. துரை நட்ட குச்சியும் மற்றக் குச்சிகளோடு சேர்ந்து இறங்கியது. துரை கயிற்றுக்கும் குச்சிக்கும் நடுவே தன் கையை வைத்து அளந்தார். நின்று லயத்தைப் பார்த்தார். பேக்டரிச் சாவியைக் கிராணியின் கையில் போட்டுவிட்டுப் போனார். அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லது இந்த ஒன்றுதான்.

மேட்டு லயம் அன்றைக்கே காலியானது. கோழி, குழவிக்கல், சாமிப்படம், மாதா சுரூபம் எல்லாம் இலை வாட்டும் மாடிக்கு ஏறின. என் அக்கா மட்டும் வரவில்லை.

"அவரு வந்தா எங்கடி தேடுவாரு? இந்தக் கதவத்தான் வந்து தட்டுவாரு. நான் வரல."

நான் கெஞ்சினேன், ஏசினேன், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். மச்சான் நிச்சயம் வருவார், வந்தால் நாங்கள் கூட்டிவருகிறோம் என்று லயமே சொல்லிப் பார்த்தது. அவள் அசையவில்லை. கடைசியில் கிராணியையே அழைத்து வந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. சயாமுக்குப் போனவரு வருவாரா?"

கிராணி அவளை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் பாக்கேல்லை. போய் வந்த ஆக்கள் ஆரும் சொல்லிக் கேக்கவும் இல்லை. தெரியாததைச் சொல்ல ஏலாது."

"இந்த மலை?"

"மலை வரும். எப்ப எண்டு தெரியாது. வரும்."

அக்கா உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்த முயன்றாள். அது பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வழி நெடுக அவரிடம் கத்தினேன். வருவார் அம்மா, தைரியமாக இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? மழைக் கணக்கா இது, துளி சிந்தாமல் சொல்வதற்கு? அவர் தலை குனிந்தபடியே நடந்தார்.

மறுநாள் காலை அக்கா மூட்டையும் பிள்ளைகளுமாகப் பேக்டரிப் படியேறி வந்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயம். சட்டென்று இடம் ஒதுக்கிப் பாயை விரித்தேன்.

பிறகு மழை நின்றது. வெயில் அடித்தது. மலை அசையாமல் நின்றது. சனம் கிராணியைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தது. "கிராணி மலை எங்க போச்சு, ஈப்போ டவுனுக்கா?" என்றான் கங்காணி. சிலர் மூட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அப்போது படியில் காலை நீட்டி வழி மறித்து உட்கார்ந்தவள் பாக்கியம் அத்தை. "இன்னிக்குக் காலையிலதான் கயிறு புடிச்சுப் பாத்தேன். இன்னும் எறங்குது. பாத்தவ சொல்றேன், போறவன் என்னத் தாண்டிப் போ" என்றாள். அவளைத் தாண்ட யாருக்குத் துணிவு வரும்.

அது வந்தபோது ஒரு தூறல்கூட இல்லை. நல்ல வெயில், சாப்பாட்டு நேரம். முதலில் பறவைச் சத்தம் நின்றது. பிறகு லோரி லோரியாகக் கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். மாடி ஜன்னலுக்கு ஓடினோம். மரவள்ளிக் கொல்லை முழுசாக, செடி நின்றது நின்றபடியே, கீழே நடந்து வந்தது. லயத்தின் கூரை ஒரு பக்கம் தூக்கி, மடங்கி, அடியில் போனது. கண்மூடித் திறப்பதற்குள் மேட்டு லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது.

பெண்கள் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. கிராணி ஒரு கையால் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றார். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல எனக்கிருந்தது. அந்தக் காலத்தில் அப்படியெல்லாம் செய்ய முடியாது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அக்கா மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாக, தன் கடைசி வீடு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மச்சான் பிறகும் வரவில்லை, சண்டை முடிந்து மற்றவர்கள் வந்தபோதும் வரவில்லை. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அவள் சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மண்ணிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்:

"வருவாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த மனுஷன் ஒருத்தர்தாண்டி தெரியாதுன்னாரு. அவரும் வருவாருன்னு சொல்லியிருந்தா, நான் அங்கதான் இருந்திருப்பேன்."